தான்சானியாவுக்குப் போன கால்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே வெயில். நெத்திலி பத்து மணிக்குள் காலி. சங்கரா மீன் கடையில் தேங்கிவிட்டது.

கா.க. ஆச்சு. கால் கழுவியது என்று தினம் முழுசாக யார் எழுதுவது? ஆஸ்பத்திரியில் இந்த நோட்டைக் கொடுத்ததே அதற்குத்தான். இடது கால் யானைக்கால். சோப்பு, தண்ணீர், விரலிடுக்கில் ஈரம் போகத் துடைப்பு, வெடிப்புக்கு மருந்து. இப்படிக் கழுவுவதால் நாலு மாதமாகக் கால் காய்ச்சல் இல்லை.

மதியம் ஆஸ்பத்திரி. தான்சானியாவிலிருந்து படிக்க வந்த நேமா டாக்டர் என் விரலிடுக்கையே உற்றுப் பார்த்தாள்.

“இன்னா டாக்டரம்மா, மோதிரம் எதுனா தேடுறியா?”

நர்ஸ் சரளா அதை இங்கிலீஷில் சொல்ல, ஒரே சிரிப்பு. இத்தனை சுத்தமான யானைக்காலை அவள் பார்த்ததில்லையாம். அவள் ஊரில் இப்படிக் கால் வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்களாம். நான் கழுவுவதை வீடியோ எடுத்து அங்கே காட்ட வேண்டுமாம்.

“கால எடுத்துக்கோ. மூஞ்சி கூடாது.”

இருபது வருஷமாகச் சேலையைத் தரை தொடக் கட்டுகிறவள் நான். மீன் வாங்குகிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

ஜூலை 10, வியாழன்
வீடியோ எடுத்தாச்சு. நல்ல காலுக்கு வைக்காத நகப் பாலிஷ் இந்தக் காலுக்கு. சிவப்பு.

வீட்டுக்காரரிடம்: “என் காலு வெளிநாடு போவுது. நீ இன்னும் விழுப்புரம் தாண்டல.”

“காலு போவட்டும். கை இங்க இருந்தா போதும், சோறாக்க.”

ஜூலை 15, செவ்வாய்
தூறல். கா.க.

நேமா டாக்டர் முகத்தில் களை இல்லை. ஊரில் வீடியோவைக் காட்டினார்களாம். என் மாதிரியே கால் உள்ள ஒரு பொம்பளை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாளாம். சாத்தும்முன் அந்தப் பொம்பளை கேட்டதைச் சரளா தமிழில் சொன்னாள்: “இந்தக் காலுக்கு முகமே இல்லையே. அவங்களும் ஒளிஞ்சுக்கிட்டுத்தானே இருக்காங்க?”

 

சாயங்காலம் வரை யாரையும் கிண்டல் செய்யவில்லை. பக்கத்துக் கடை அண்ணன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜூலை 16, புதன்
முடிச்சூர் ரோட்டில் என் கடையிலேயே இன்னொரு வீடியோ எடுக்க நேமா டாக்டரை வரச் சொன்னேன். பலகைமேல் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, பக்கத்தில் வாளி. 

வாடிக்கையாக வரும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாக்கா பாக்குற? சங்கராவும் கீது, காலும் கீது. சங்கரா மட்டுந்தான் விலைக்கு.”

சிரித்துவிட்டு ஒரு கிலோ வாங்கிப் போனாள்.

பிறகு நேராகப் போனைப் பார்த்து: “தங்கச்சி, நான்தான். மூஞ்சி பாத்துக்கோ. வெளிய வா.”

ஜூலை 22, செவ்வாய்
கா.க. மறுபடி வெயில்.

தான்சானியாத் தங்கச்சியிடமிருந்து வீடியோ! வாசலுக்கு வெளியே, பச்சை வாளி, தெருவே பார்க்கக் காலைக் கழுவுகிறாள். முகமும் தெரிகிறது. என்னைவிட அழகி. நேமா டாக்டருக்கு அழுகை, சரளாவுக்கும். நான் மூன்று தரம் பார்த்தேன். கடைசி இரண்டு விரலுக்கு நடுவே துடைக்கவே இல்லை. திட்டி ஒரு வீடியோ அனுப்பினேன்.