திரையோரத்துப் பொட்டுகள்

என் உயிரான சரோ,

மழை விட்டுவிட்டது. இரணைமடுக் குளம் நிரம்பி, வான் பாய்ந்து, இப்போது அடங்கியிருக்கிறது. முற்றம் காய்ந்து நல்ல வெயில் எறிக்கிறது. இந்த வெயிலுக்காக நீர் மிளகாயோடு காத்திருப்பீர், நான் என் பழைய கணினிகளோடு காத்திருப்பேன். முற்றத்தில் இடம் பிடிக்க நாம் போட்ட சண்டை கொஞ்சமா? இப்போது முற்றம் முழுவதும் எனக்குத்தான். அதை வைத்து நான் என்ன செய்ய?

நீர் போன பிறகு இது இரண்டாவது மாரி. உம்முடைய வாயால் "குப்பை" என்று பெயர் வாங்கிய என் கணினிகள் எல்லாம் சுகமாக இருக்கின்றன. பழைய இரும்பு வியாபாரி நானா இன்னும் இரண்டைக் கொண்டுவந்து போட்டார். ஒன்றுக்கு உயிர் வந்துவிட்டது, மற்றது முரண்டு பிடிக்கிறது. சாமியறைக்குள் மட்டும் ஒன்றையும் வைக்கவில்லை. கோபிக்க வேண்டாம்.

நம் தாரணி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பழைய கணினிகளின் கண்காட்சியாம். "அப்பா, உங்கட சாமானெல்லாம் தாங்கோ. ஆனா மஞ்சள் பிடிச்சு ஊத்தை மாதிரிக் கிடக்கு, வெள்ளையாக்கித் தாங்கோ" என்றாள். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் வருடம் போகப் போக மஞ்சளாகிவிடும் என்பது உமக்குத் தெரியும். தலைமயிர் வெளுக்கிற கிறீமைப் பூசி, பொலித்தீனால் சுற்றி வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்பும். கிறீம் வாங்கப் போனபோது சலூன் தம்பி என் மொட்டையைப் பார்த்து, "அண்ணை, இதில வெளுக்க என்ன கிடக்கு?" என்று கேட்டான். நீர் இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்.

ஒவ்வொன்றாக வெளுத்து முடித்து, கடைசியாக நம்முடைய முதல் மொனிற்றரைத் தூக்கிவந்தேன். மீள்குடியேறி வந்த புதிதில், தகரக் கொட்டிலுக்குள் ஒரு கதிரைகூட இல்லாத நாளில், வவுனியாவில் இருந்து நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அதே மொனிற்றர். "உலகத்தில முகம் பாக்கிற கண்ணாடி வாங்க முதல் கொம்பியூட்டர் வாங்கின மனிசன் இவர் ஒருத்தர்தான்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்வீர். சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "இஞ்சாருங்கோ, அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ, நான் சீப்பால தலை இழுக்கோணும்" என்பீர். அணைத்த திரையின் கறுப்பில்தான் உமக்கு முகம் தெரியும். படுக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்து அதன் ஓரத்தில் ஒட்டுவீர். பிறகு ஆளுயரக் கண்ணாடி வைத்த அலுமாரி வந்தது. ஆனாலும் பொட்டுக்கு அந்த மொனிற்றர்தான் இடம். நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன், நீர் ஒரு தரமாவது கேட்டீரா?

தூசியைத் துடைத்தபோது கண்டேன், சரோ. பொட்டுகள் பசை காய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டன. ஆனால் அவை ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் மஞ்சள் ஏறவில்லை. வலப்பக்க ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள், உம்முடைய கை எட்டுகிற உயரத்தில். என் கையில் கிறீம் தோய்ந்த தூரிகை. ஒரு பூச்சுப் பூசினால் முழுவதும் வெள்ளையாகிவிடும், வட்டங்கள் தெரியாது. தூரிகையை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

செத்தவீட்டில் பெண்கள் உம்மைப் பார்த்து, "பொட்டும் பூவுமாப் போயிட்டா, குடுத்து வைச்சவா" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை ஏன் கேட்கிறீர்! உமக்குக் கொடுத்து வைத்தது சரி, எனக்கு?

தாரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல் நுனியால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்பா, இப்ப பொட்டில்லைத்தானே. இனி இந்த இடமும் மஞ்சளாப் போயிடும், என்ன?"

அதை நான் யோசிக்கவில்லை. பூசினாலும் போய்விடும், பூசாமல் விட்டாலும் போய்விடும். மகள் போன பிறகு ஒரு பழைய சீலையால் அதை மூடினேன். மூடினால் என்னாலும் பார்க்க முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் உள்ள பான்சிக் கடைக்குப் போனேன். பொட்டு மட்டை வேண்டும் என்றேன். கடைப் பிள்ளை, "ஆருக்கு ஐயா, மகளுக்கோ?" என்று கேட்டது.

"இல்லைப் பிள்ளை, மனிசிக்கு."

"அவா என்ன நிறம் வைக்கிறவா?"

"கடும் சிவப்பு. சின்ன வட்டம்தான் அவாக்குப் பிடிக்கும்."

பிள்ளை தேடி எடுத்துத் தந்தது. "பிடிக்காட்டி மாத்தலாம், அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றது. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டேன். என் தடித்த விரலுக்கு ஒன்று கொஞ்சம் விலகிப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளும். கண்காட்சிக்கு மற்றவை போகட்டும், இது வீட்டில்தான் இருக்கும். பசை காய்ந்து எது விழுந்தாலும் அதே இடத்தில் புதிது ஒட்டுவேன். என் கண் தெரிகிற வரைக்கும் ஒட்டுவேன், சரோ. இனிக் கத்தமாட்டேன்.

இப்படிக்கு,
கண்ணாடி வாங்க முதல் கொம்பியூட்டர் வாங்கின
உம்முடைய மனிசன்