கலங்கல் குழாயைப் பற்றி அக்காவுக்கு

என் செல்ல அக்கா,

இந்த அர்த்தராத்திரியில் உன்னைக் கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாளைக்குக் குடிக்கிற தண்ணீரை இப்போதுதான் காய்ச்சி இறக்கினேன். அது ஆறும்வரை எனக்கு வேறு வேலை இல்லை, தூக்கமும் இல்லை. அத்திம்பேர் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டார். காரணம் நான்தான்.

பாலிகஞ்சில் எங்களுடைய இந்த வீட்டுக்கு நீ அத்திம்பேரோடு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? முற்றத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் வடிகட்டிய குடிதண்ணீர், காலையும் மாலையும் கொஞ்ச நேரம். மற்றதில் தெருவும் கக்கூஸும் கழுவுவதற்கென்று வடிகட்டாமல் விடும் ஆற்றுத் தண்ணீர், செம்மண் கலங்கலாக. நீ நேரே அதைத் திறந்து கையேந்தினாய்.

"ஊர்ல ஒரு செம்பு கங்கைய ஈயம் வச்சு அடைச்சுப் பூஜையில வச்சிருப்போம். இங்க என்னடான்னா குழாயில கொட்றதேடி!"

கண்ணை மூடிக்கொண்டு மூன்று வாய் குடித்தாய். நல்ல குழாயின் தண்ணீரை நீ வாயருகே கொண்டுபோகவே இல்லை. அதற்குள் தோல் வாஷர் இருக்கிறதாம், தீட்டாம்; கங்கையை மட்டும் எந்தத் தோலும் தீட்டாக்காதாம். குடிக்கிற தண்ணீரை முற்றத்தில் கொட்டிக் கழுவினாய்; முற்றம் கழுவுகிற தண்ணீரைக் குடித்தாய்.

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம், மாடியிலிருந்து, "ஓ தீதி, ஓ ஜோல் கேயோ நா!" என்று கத்தினாள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று. உனக்கு வங்காள பாஷை தெரியாது. எனக்குத் தெரியும். காலேஜில் மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்த ஆற்றின் ஒரு துளியைப் பார்த்தவள்தான் நான். ஆனாலும் உன்னிடம் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்த துக்கத்தில் முகம் வாடியிருந்தவள், அன்றுதான் சிரித்தாய். அதைக் கெடுப்பானேன் என்று நானும் சிரித்தேன். பத்தாம் நாள் வாந்திபேதி. பதினோராம் நாள் நீ இல்லை.

இன்று உன் முதல் வருஷத் திதி. சாஸ்திரிகள் அதே குழாயில் பஞ்சபாத்திரத்தை நிரப்பி வைத்திருந்தார். எல்லாம் முடிந்ததும் அத்திம்பேர் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உத்தரணியை அதன் வாயருகே கொண்டுபோனார். அதுவும் வாயைத் திறந்தது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"என்னம்மா இது, கங்கை!" என்றார் சாஸ்திரிகள்.

"கங்கை ஆத்துல ஓடறா, மாமா. இது சாக்கடை கழுவற ஜலம்."

"காலேஜ் படிச்சா கங்கையும் சாக்கடை ஆயிடுமோ?"

"எங்க அக்கா இதைக் குடிச்சுத்தான் போனா."

அத்திம்பேர் உத்தரணியைக் கீழே வைத்தார். "அப்போ... உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும், அத்திம்பேர்."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா? தெரியாது என்றா?

சாயங்காலம் என் வீட்டுக்காரர், "நாளும் கிழமையுமா இதெல்லாம் வேணுமா? ஊர் என்ன சொல்லும்?" என்றார். சொல்லட்டும். அவர் பார்க்கப் பார்க்க, கலங்கல் குழாயின் கழுத்தில் என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினேன். இனி அது தரைக்கும் கக்கூஸுக்கும் மட்டும். நல்ல குழாயின் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். சொட்டுகிற சொட்டுக்கும் கீழே ஒரு பாத்திரம். பக்கத்துத் தெருவில் நம்மவர்கள் வீடு நாலு இருக்கிறது. நாளைக்கு பௌதியையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு முற்றமாகப் போகப்போகிறேன். அவள் கத்தட்டும், இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்வேன். திமிர் பிடித்தவள் என்று கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகச் சொல்வேன். ஒருவர் முகம் வாடுமே என்று இனி ஒருநாளும் வாயை மூடிக்கொள்ள மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மத்தியானம் காய்ச்சிய தண்ணீரைச் சற்றுமுன் ஒரு கூஜாவில் ஊற்றி அத்திம்பேர் அறை வாசலில் வைத்தேன். கதவு திறந்தது, கூஜா உள்ளே போயிற்று. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அவர் பேசுகிறபோது பேசட்டும். நீ என்னோடு பேசுவாயா? தபால்காரன் கொண்டுவர முடியாது என்று தெரியும். கனவிலாவது வந்து, திட்டுவதானாலும் சரி, சீக்கிரம் பதில் சொல்.

அன்று சொல்லாமல் இருந்துவிட்ட
உன் தங்கை