டம்ளருக்கு ஒரு கல், சட்டிக்கு நாலு கல்

இன்று காலை, ஊறப்போட்ட கொண்டைக்கடலை மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பச்சை வாடை அடித்ததும் உங்கள் மேல் கோபம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது.

நம் பேத்தி பெங்களூரில் செய்த ஆராய்ச்சி நினைவிருக்கிறதா? செடியின் உயிரணுக்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அவை தண்ணீர் குடித்து வீங்கி ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று பார்த்தாள். பொங்கலுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"தள்ளுவிசை அஞ்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது ஆச்சி. அந்த அஞ்சு நெசத்துல எவ்வளவு அழுத்தம்னு பிடிபடல. சின்னப் படத்துக்கு ஒரு கணக்கு வருது, பெரிய படத்துக்கு வேற வருது."

"அஞ்சாப்பு படிச்சவகிட்டயாட்டி கேக்கே?" என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அவள் ஊருக்குப் போனபின் டம்ளரிலும் அகலச் சட்டியிலும் கடலையை விளிம்புவரை நிறைத்து ஊறவைத்தேன். மூடி எழும்பாமல் இருக்கப் பருத்தி நிறுக்கும் படிக்கற்களை ஏற்றினேன். டம்ளருக்கு ஒரு கல் போதும். சட்டிக்கு நாலு வேண்டியிருந்தது. இரண்டிலும் கடலை நம் கரிசலில் விளைந்த ஒரே கடலைதான்.

"கல்லை மட்டும் எழுதினா எப்படித் தேறும்? வாய்ப் பரப்பு எவ்வளவுன்னு அளந்து, கல்லை அதுக்குப் பங்கு போடச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாயிரும்" என்றேன்.

நீங்கள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, எஸ்.டி.டி. பூத்தில் பேசிவிட்டு வந்தீர்கள். கையில் போளிப் பொட்டலம். "சொல்லிட்டேன். பிள்ளைக்கு ஒரே சந்தோசம்." போளி எனக்கான பரிசு என்று பூரித்துப்போனேன்.

போன வாரம் பேத்தி தன் ஆராய்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். நன்றிப் பக்கத்தைத் தமிழில் சொன்னாள்: கல்லை வாயின் பரப்புக்குப் பங்கிடச் சொன்ன தாத்தாவுக்கு.

"அது நான் சொன்னதுட்டி."

அவள் புத்தகத்தை மூடினாள். "தானே செஞ்சு பாத்ததால்லா தாத்தா சொன்னாக. அடுத்த தடவ ஆச்சியையும் பூத்துக்குக் கூட்டிட்டு வாங்கன்னேன். அவளுக்கு இதெல்லாம் வெளங்காதுன்னாக."

திருத்தி எழுதுகிறேன் என்கிறாள். எழுதட்டும். பெயர் உங்களுக்குப் போனது பெரிதில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். ஆனால் சந்தையில் எந்தப் படிக்கல் குறைகிறது என்று கையில் தூக்கியே சொன்னவள் நான். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் எனக்கு விளங்காது என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னீர்களே, அதைத்தான் இறக்கி வைக்க முடியவில்லை.