மடி வற்றாத மெஷின்

வளப்பூர் நாடு,
செப்டம்பர் 2008

அன்புள்ள பிலால் அண்ணனுக்கு,

உன் தங்கை நாசியாவின் ஸலாம். துபாய் வெயில் உன்னை வாட்டாமலிருக்க துஆ செய்கிறேன். அத்தாவுக்குக் கால் வீக்கம் குறைந்துவிட்டது. என் மேல் உள்ள கோபம் குறையவில்லை.

மெஷின் தப்பிவிட்டது அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியின் பிழைப்பு இதுதான். இங்குள்ள மகளிர் குழு மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு விற்கிறது. ஆலை தரும் பணம் வங்கியில் ஒவ்வொரு பெண்ணின் கணக்கிலும் ஏறும். அவள் என் மெஷினில் அட்டையைச் செருகி விரல் ரேகை வைத்தால் நான் பணம் தருவேன். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வங்கி கம்பெனிக்குக் கூலி தரும். ஐம்பது எடுத்தாலும் ஐயாயிரம் எடுத்தாலும் அதே கூலிதான். என் சம்பளம், பேட்டரி, போன் செலவு எல்லாம் அதில்தான். மலைக்காரர்கள் ஒரேயடியாக எடுத்துப் போவார்கள், பிறகு ஈயோட்ட வேண்டியதுதான், மெஷினைக் கழற்றிவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் சேலத்தில் உட்கார்ந்தே முடிவு கட்டிவிட்டார்கள். ஏழைக்கு வங்கி என்று நோட்டீஸ் அடித்தவர்களும் இவர்களேதான்.

முதலில் அப்படித்தான் நடந்தது. மொத்தப் பணமும் கணவன்மார் கைக்குப் போய், மாலைக்குள் மதுக்கடைக்குப் போனது.

அடுத்த முறை பணம் ஏறியபோது, குழுவில் இருக்கும் சென்னம்மாள் ஐம்பது ரூபாய் மட்டும் கேட்டார். இன்னைக்கு இத்தனை கறந்தாப் போதும் கண்ணு, ஒரேயடியாக் கறந்தா மடி வத்திப் போயிரும் என்றார். பணம் பால் இல்லை, வற்றாது என்று நான் பாடம் எடுத்தேன். வரிசையே சிரித்தது. அது எனக்குந் தெரியும் சாமி, எங்க ஊட்டுக்காரருக்குச் சொல்லிப் போடாதே என்றார். அவர் கணவர் ராசப்பன் மாடு வளர்ப்பவர். அதிகம் எடுத்தால் மெஷின் வற்றிவிடும் என்று மனைவி சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். மற்ற ஆண்களிடமும் சொல்லிவிட்டார். அதிகமாகக் கறந்துவிடாதே என்று இப்போது அவரே மனைவியை எச்சரித்து அனுப்புகிறார்.

சந்தை நாளன்று கம்பெனி அதிகாரி நந்தகுமார் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து இறங்கினார். வாசல் வரை பெண்கள் நின்றார்கள். ஏனுங்க, கறவை மாட்டை ஓட்டிட்டுப் போகவா வந்தீங்க என்று ஒருத்தி கேட்டாள். அவர் மெஷினில் கணக்கைத் தட்டிப் பார்த்தார். ராசிபுரத்து மெஷினைவிட இங்கேதான் அதிகத் தடவை எடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் போனது. பக்கத்து மலை ஊரான ஆலத்தூர் நாட்டுக்கும் ஒன்று வைக்கலாமா, நீயே இரண்டையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார்.

அவருக்கு இரக்கம் வரவில்லை அண்ணா, லாபம் தெரிந்தது. இரக்கமாக இருந்தால்தான் நான் பயந்திருப்பேன். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்தப் பெண்கள் கம்பெனியை அதன் கணக்கை வைத்தே கட்டிப்போட்டார்கள்.

அத்தா எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். பெண் மலையேறி வேலை பார்ப்பது மாப்பிள்ளை வீட்டாருக்குக் கௌரவக் குறைவாம். உன் பணம் வந்ததும் நிக்காஹ் தேதி வைப்பாராம். அண்ணா, அதை ஒரேயடியாக அனுப்பாதே. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பு. அத்தா கேட்டால், மடி வற்றிவிடும் என்று சொல்.

அல்லாஹ் உன் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.

உன் தங்கை,
நாசியா