சித்தரின் வயது

பாரோய்

அன்பு மகள் மாதவிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாத்திரைகளின் தயவில் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க முனீஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், பெரியப்பா ஒரு வாரமாக நம் வீட்டு ஹாலில்தான் படுத்திருக்கிறார், இந்த வயதிலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

நம் பழைய எஸ்டேட்டில் வீடுகள் கட்டத் தோண்டியபோது, ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் மனித எலும்பு கிடைத்ததை அம்மா சொல்லியிருப்பாள். போலீஸ் அதை எடுத்துப் போன மறுநாளே பெரியப்பா, கோயில் தலைவர் என்ற முறையில், அது ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சித்தர் என்று அறிவித்துவிட்டார். குழிக்கு மேல் தகரக் கொட்டகை, உண்டியல், வெள்ளிதோறும் பூசை. சித்தருக்கு மலாய் நாட்டு நெகிரி செம்பிலானில் என்ன வேலை என்று கேட்டவனுக்குப் பிரசாதம் கிடைக்கவில்லை. தாயம்மா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் புருஷன் பஞ்சாட்சரம் யூனியன்காரர், எழுபதுகளில் சம்பள மறியல் நடந்தபோது காணாமல் போனவர். ஒரு பெண்ணோடு இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறினார் என்று கண்ணால் பார்த்துச் சொன்னவர், அன்றைக்கு எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த நம் பெரியப்பா. அக்கா இன்றும் பொட்டு வைக்கிறார். புருஷன் திரும்பி வர வேண்டிக்கொண்டு அவரும் வாராவாரம் சித்தரைச் சுற்றினார்.

போன வாரம் கார்பன் சோதனை முடிவு வந்தது. உயிரோடு இருக்கும்வரை உடம்பு கதிர்வீச்சுக் கரியைச் சேர்க்கும், செத்த பிறகு அது மெல்லக் குறையும், மீதியைப் பார்த்து வயது சொல்வார்கள் என்று நீ விளக்கினாயே. சித்தரிடம் குறையவே இல்லை, கூடுதலாக இருந்ததாம். ஐம்பதுகளில் பெரிய நாடுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் அந்தக் கரி பெருகி, பிறகு சோறு தின்ற எல்லோர் எலும்பிலும் ஏறியிருக்கிறது. சித்தரும் அந்தச் சோற்றைத்தான் தின்றிருக்கிறார். கோயிலில் இன்ஸ்பெக்டர் இதைச் சொன்னதும், அப்ப சித்தர் நம்ம காலத்து ஆளுதான் லா என்று யாரோ சிரித்தார்கள். தாயம்மா அக்கா சிரிக்கவில்லை. மண்டோரே, இத்தன வெள்ளிக்கெழமையா நான் யாரச் சுத்துனேன், நீங்களே சொல்லுங்க என்று கேட்டார். கும்பிட்டது வீண் போவாதும்மா என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா நேராகப் போய் ராசா ஊரில் இருக்கும் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

மாதவி லேபுலதான வேல செய்யுது, மெஷினு தப்புன்னு ஒரு லெட்டர் போடச் சொல்லு என்கிறார். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், மறுக்கச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் எழுதாதே. திங்கட்கிழமை அக்காவின் மகன், எலும்போடு ஒத்துப்பார்க்க ரத்தம் கொடுக்கக் கிள்ளானிலிருந்து வருகிறான்.

இருமலுக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் குடி. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. பெரியப்பா கூப்பிட்டால் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடு. ரிப்போர்ட்டில் வருஷம் போட்டிருக்கிறதா என்று என்னிடம் தினமும் கேட்கிறார். அது யார் என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.

அப்பா,
ராமகிருஷ்ணன்