நான்காம் அத்தியாயம்

மார்ச் 5, செவ்வாய்
வேத விளக்க நூலான என் ‘கிறிஸ்தவக் குடும்பம்’ ஒன்பதாம் பதிப்புக்குப் போகிறது. பதிப்பாளர் அப்னேர் தலைநகரிலிருந்து போன் செய்து இரண்டு பக்க முன்னுரை கேட்டார். எங்கள் மலை ஊரான ஷேலாவில் இன்று நல்ல குளிர். மனைவி நொயெமி காய்ச்சிய காபியோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் கை இன்னும் ஓடுகிறது. ஸ்தோத்திரம்.

மார்ச் 10, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் வழிமறித்தார். கத்தரினா இஷ்கோத். சந்தையில் சோளக்கஞ்சி விற்கிறவர். கையில் என் புத்தகம், முனை மடங்கி.

“டாக்டர், இந்த நாலாம் அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டித்தான் பாஸ்டர் என்னைப் புருசன்கிட்டயே திருப்பி அனுப்புனாரு. மூணு தடவை.”

அவருக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல.

“உங்க மேல கோவமில்ல. வேதத்தோட கிரேக்க மூலத்துலயும் அப்படித்தான் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒரு முடிவெடுக்கணும்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாதா?

மார்ச் 11
தெரியும். ‘மனைவிகளே, கணவருக்குப் பணியுங்கள்’ என்கிற அந்த வேத வரியில், பழைய கிரேக்கப் பிரதிகளில், ‘பணியுங்கள்’ என்ற வினைச்சொல்லே இல்லை. முந்தைய வரியிலிருந்து இரவல் வாங்குகிறது. முந்தைய வரியோ எல்லாரும் ஒருவருக்கொருவர் பணியச் சொல்கிறது. முப்பத்தொரு வயதில் இதைப் படித்துத் துள்ளிக் குதித்தவன் நான். அப்புறம் புத்தகம் எழுதும்போது, சபை மூப்பர்கள் முகம் சுளிப்பார்களே என்று இரண்டு வரியில் தாண்டிப் போனேன். தெரியாமல் செய்த பிழை இல்லை இது— அறிஞனாம் அறிஞன்!

மார்ச் 12
நொயெமியிடம் சொன்னேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, “அந்த அத்தியாயம் எனக்கு என்னைக்குமே பிடிக்காது” என்றாள்.

“இத்தனை வருசமா ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டாத்தானே!”

மார்ச் 22, வெள்ளி
நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதி அனுப்பினேன். அப்னேர் போனில் கத்தினார். “முன்னுரைதானே கேட்டேன்? வீட்டையே இடிச்சு அனுப்பியிருக்கீங்களே! சபைங்க ஒண்ணும் வாங்காது, டாக்டர்.”

“அப்ப பழசையும் அச்சடிக்காதீங்க. உரிமை என்கிட்டதான் இருக்கு.”

போனை வைத்தபின் நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு
பாஸ்டர் ருபேனிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, பிரசங்க மேடையில் நின்று சொன்னேன்: நான்காம் அத்தியாயத்தில் எழுதியது தவறு, தெரிந்தே எழுதினேன், அடிக்கிறவனிடம் திரும்பிப் போ என்று வேதம் எந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. மூப்பர் பவுதிலியோ, “வயசாயிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர். ஆண்டவர் முன் இவ்வளவு லேசாக நின்று எத்தனை காலம் ஆயிற்று!

கத்தரினா கேட்கிற காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 19
இந்த வருடம் விரிவுரைக்கு வர வேண்டாமென்று இறையியல் கல்லூரியிலிருந்து கடிதம். வலித்தது.

மே 2, வியாழன்
கத்தரினா பக்கத்து ஊரான அல்மோலோங்காவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். புருஷன் அங்கே போய்க் கதவைத் தட்டினானாம். பாஸ்டர் ருபேன் ஓடிப்போய் வாசலில் நின்றிருக்கிறார். “மூணு தடவை நானே அனுப்புனேன். இனிமே என்னைத் தாண்டித்தான் உள்ள போகணும்.” பாஸ்டரே வந்து இதைச் சொல்லி, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்.

ஜூன் 20, வியாழன்
எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இன்று ஏழு பெண்கள். நொயெமிதான் கூப்பிட்டாள். அப்னேருக்குப் பதில் வேறு அச்சகம் இன்னும் கிடைக்கவில்லை. புது அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியை வரி வரியாக வாசிக்கிறோம். இரண்டாம் பக்கத்திலேயே கத்தரினா நிறுத்தினார்.

“இங்க ‘பொறுமையா இருக்கணும்’னு போட்டிருக்கீங்களே டாக்டர், யாரு? மறுபடியும் நாங்கதானா?”

தாளை என் பக்கம் இழுத்தேன். அதற்குள் நொயெமி பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டாள். கத்தரினா அந்த வரியை அடித்துவிட்டு, “ம், மேல படிங்க” என்றார்.

படித்தேன்.