வாசலடிக் கான்

கொட்டாஞ்சேனை
2008 ஜூன் 8

அன்பு மகள் கொன்ஸ்ரன்ஸ்,

மாதா புண்ணியத்தில் நானும் வீடும் காய்ந்துகொண்டிருக்கிறோம். போன கிழமை ஒரு மாத மழை ஒரே பின்னேரத்தில் கொட்டி, தண்ணீர் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டது. உன் அம்மா போன பிறகு அந்தப் பக்கம் படுத்த முதல் ஆள் அதுதான்.

எப்போதாவது வந்த வெள்ளம் இப்போது வருசா வருசம் வருகிறது. அழுதுகொண்டிருக்க ஏலாது. சுவரிலிருந்த கரண்ட் பிளக் எல்லாவற்றையும் தலைக்கு மேலே ஏற்றிவிட்டேன். இனிச் சட்டை அயன் பண்ண ஸ்ரூலில் ஏறவேண்டும். நாளைக்கு வாசலடியிலிருந்து ரோட்டுவரை தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டப் போகிறேன்.

அப்பா றேமண்ட்

ரொறன்ரோ
ஜூன் 30

அன்புள்ள அப்பா,

உங்கள் பகிடிக்குச் சிரித்துவிட்டுப் பிறகு அழுதேன். கடல் சூடாகச் சூடாக மழை இன்னும் மோசமாகும் என்று இங்கே சொல்கிறார்கள். குண்டுக்குப் பயந்தது காணாதென்று மழைக்கும் பயப்பட வேண்டுமா? ஸ்பொன்சர் பேப்பர் ஆயத்தம். ஒரு கையெழுத்துப் போதும். வந்துவிடுங்கோ. மனமில்லை என்றால் அதையாவது நேரே சொல்லுங்கோ.

கொன்ஸ்ரன்ஸ்

கொட்டாஞ்சேனை
ஜூலை 20

மகள்,

முதலில் பொலிஸ் கதை. கானை வெட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ராசிக்கின் ஆடு விழுந்துவிடும் என்று சாக்கால் மூடினேன். இந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் தமிழன் கிடங்கு வெட்டி மூடலாமா? உன் அப்பனின் மூளை அவ்வளவுதான். யாரோ சொல்லி ஜீப் வந்தது.

“பங்கரா?” என்றார் சார்ஜன்.

“இல்லை மஹத்தயா, மழைக்கு.”

நம்பவில்லை. ஏறச் சொன்னார். ராசிக் முன்னால் வந்து, “அப்ப என்னையும் ஏத்துங்க. பாதி நான்தான் வெட்டின,” என்றான். அவன் மண்வெட்டியைத் தொடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் என் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். சாக்கையும் இழுத்துக்கொண்டு தண்ணீர் கானால் ஓடியது. வீட்டுக்குள் ஒரு துளி இல்லை. சார்ஜன் கூரை விளிம்பில் நின்று கானை எட்டிப் பார்த்தார். பிறகு, “எங்கட வீடு களனி ஆத்தங்கரையில. எவ்வளவு ஆழம் வெட்டினீர்?” என்று கேட்டார்.

இப்போது ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு கான் வெட்டுகிறோம், பொலிசுக்குச் சொல்லிவிட்டு. ஆகவே நேரே சொல்கிறேன், நான் வரவில்லை. மழை மோசமானால் வாசற்படியை இன்னும் உயர்த்துவேன். கோபிக்காதே.

அப்பா

கொட்டாஞ்சேனை
செப்டெம்பர் 14

அன்பு மகள்,

இவ்வளவு நாளும் உன்னிடமிருந்து ஒரு சத்தமில்லை. நேற்றுப் பார்சல் வந்தது. கடிதம் இல்லை, பேப்பர் இல்லை, முழங்கால்வரை வருகிற றப்பர் சப்பாத்து இரண்டு சோடி. ஒன்று எனக்கு அளவு. மற்றதில் கால் பாதியில் இறுகி, கழற்ற ராசிக் வரவேண்டியதாயிற்று. கனடாக் கடைக்காரனும் பிழை விடுவான் என்று சந்தோசப்பட்டேன். ராசிக்தான் அடியைத் திருப்பிப் பார்த்து, “அண்ணன், இது பொம்பளப் புள்ளட சைஸ்,” என்றான்.

இரண்டு சோடியும் கதவடியில் இருக்கின்றன. உன்னுடையதைச் சுவர்ப்பக்கமாக, சாரல் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

அப்பா